மகள் கால்நடை மாணவர் கிளப்பில் சேர்ந்திருக்கிறாள்: பிளாக் அண்ட் பிரைடில் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

கன்சாஸ்_அப்பா

அனைவருக்கும் வணக்கம். மகள் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அனிமல் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறாள். நான்கு வருடம் முடித்துவிட்டு அங்கேயே இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. நானும் மனைவியும் மென்பொருள் வேலை பார்க்கிறோம். தாத்தா காலத்தோடு எங்கள் வீட்டில் மாடு போய்விட்டது. மகள் வளர்ந்தது டாலஸ் புறநகரில். ஆட்டுக்குட்டியைக்கூடக் கண்காட்சியில்தான் பார்த்திருப்பாள்.

இப்போது பிளாக் அண்ட் பிரைடில் என்ற மாணவர் கிளப்பில் சேர்ந்திருக்கிறாள். இரண்டாவது செமஸ்டர் தொடங்கியதிலிருந்து தொழுவமே கதி. பல்கலைக்கழகப் பண்ணையில் ஒரு கிடேரியை அவளிடம் ஒப்படைத்திருக்கிறார்களாம். அதைக் கயிறு பிடித்து நடக்கப் பழக்கி, குளிப்பாட்டி, ஏதோ போட்டியில் காட்ட வேண்டுமாம். தொலைபேசியில் பேசினால் பாடம் பற்றிப் பேச்சே இல்லை, கிடேரி இன்று எத்தனை அடி நடந்தது என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

இந்தக் கிளப்பில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? மருத்துவச் சேர்க்கைக்கு உதவுமா, படிப்பைக் கெடுக்குமா? பண்ணைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் இவள் தனித்து நிற்க மாட்டாளா? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

நாமக்கல்_வெட்

வாழ்த்துகள் அண்ணா. நான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பி.வி.எஸ்சி. முடித்து, நெப்ராஸ்காவில் மாட்டுத் தீவனவியலில் எம்.எஸ். செய்தவன். இப்போதும் அந்தத் துறையில்தான் வேலை. மேல்படிப்பு மாணவனாக இருந்ததால் நான் கிளப் உறுப்பினர் இல்லை. ஆனால் என்னோடு பண்ணையில் வேலை பார்த்த இளநிலை மாணவர்களில் நிறையப் பேர் அந்தக் கிளப்புக்காரர்கள்.

முதலில் ஒன்று. நம் ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு பி.வி.எஸ்சி. நான்கரை வருடம் பாடம், ஒரு வருடம் உள்ளிருப்புப் பயிற்சி. மாட்டைத் தொடாமல் யாரும் வெளியே வர முடியாது. இங்கே முதலில் ஒரு நான்கு வருட இளநிலை, அப்புறம் நான்கு வருடம் டி.வி.எம். என்ற கால்நடை மருத்துவப் பட்டம். அனிமல் சயின்ஸ் என்பது அந்த முதல் பாதி. தீவனம், இனவிருத்தி, மரபியல், இறைச்சி, பால், பண்ணை மேலாண்மை எல்லாம் வரும், மருத்துவம் வராது. சேருகிறவர்களில் நிறையப் பேர் உங்கள் மகளைப் போல வெட்டினரி கனவோடு நகரத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களையும், பத்து வயதிலிருந்து 4-எச் என்ற சிறுவர் அமைப்பின் கண்காட்சிகளில் கன்று காட்டிய பண்ணைப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் சமமாக நின்று கைவேலை செய்யும் இடம் கிளப்தான். அதனால் அவள் சரியான இடத்தில்தான் இருக்கிறாள்.

பிளாக் அண்ட் பிரைடில் நேற்று முளைத்த சங்கம் இல்லை. 1919 டிசம்பரில் சிகாகோவில் இன்டர்நேஷனல் லைவ்ஸ்டாக் எக்ஸ்போசிஷன் என்ற பெரிய கால்நடைக் கண்காட்சி நடந்தபோது கன்சாஸ், மிசௌரி, அயோவா, நெப்ராஸ்கா ஆகிய நான்கு மாநிலங்களின் கல்லூரி மாணவர் சங்கங்கள் கூடித் தொடங்கியது. அந்த நான்கில் ஒன்று உங்கள் மகளின் கல்லூரி. இன்று நாடு முழுக்கக் கிளைகள் இருக்கின்றன. சில இடங்களில் பெயர் மட்டும் மாறும், சேடில் அண்ட் சர்லாயின் என்று இருக்கும்.

அவள் தயாராகிற போட்டி லிட்டில் அமெரிக்கன் ராயலாக இருக்க வேண்டும். கன்சாஸ் சிட்டியில் 1899 முதல் நடக்கும் அமெரிக்கன் ராயல் கண்காட்சியின் பெயரைச் சின்னதாக்கி வைத்தது. வேறு மாநிலக் கல்லூரிகளில் இதே வகைப் போட்டிக்கு லிட்டில் இன்டர்நேஷனல் என்று பெயர், அது சிகாகோ கண்காட்சியிலிருந்து வந்தது. சிகாகோ கண்காட்சி 1975-ஓடு நின்றுபோனது. மாணவர்கள் அதன் பெயரைச் சொல்லி இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்த விஷயம்.

போட்டியின் முறை இப்படி. எல்லா விலங்கும் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். யாருக்கு எது என்று குலுக்கிப் போடுவார்கள். கிடைத்ததை வாரக்கணக்கில் பழக்க வேண்டும். கடைசியில் நடுவர் மதிப்பெண் போடுவது மாட்டுக்கு இல்லை, அதைக் காட்டுகிற ஆளுக்கு. தலைக்கயிறை எப்படிப் பிடிக்கிறாள், நான்கு காலையும் சரியான இடத்தில் ஊன்றி நிற்க வைக்கிறாளா, பார்வை நடுவர் மேலும் மாட்டின் மேலும் மாறி மாறி இருக்கிறதா, மாடு முரண்டினால் பதறாமல் இருக்கிறாளா, இவைதான் கணக்கு. பணக்காரப் பண்ணையிலிருந்து விலை உயர்ந்த மாட்டைக் கொண்டுவந்து ஜெயிக்க வழியே கிடையாது. புதியவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு.

கணக்குப்பிள்ளை

நண்பர் உற்சாகமாக எழுதியிருக்கிறார், மதிக்கிறேன். ஆனால் பெற்றோராக நான் வேறு கோணத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அண்ணன் மகன் இதே வழியில் போனவன். கால்நடை மருத்துவச் சேர்க்கையில் முதலில் பார்ப்பது மதிப்பெண். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கிவிட்டு, கிடேரியை நன்றாக நடத்தினேன் என்று விண்ணப்பத்தில் எழுதினால் யார் எடுப்பார்கள்? அவனோடு படித்த ஒரு பெண், கிளப்பில் மூன்று குழுக்களில் பொறுப்பு எடுத்து, வேதியியலைக் கோட்டைவிட்டு, கடைசியில் விண்ணப்பமே போடவில்லை. கிளப் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் வருடம் வேண்டாம் என்கிறேன்.

நாமக்கல்_வெட்

மதிப்பெண் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விண்ணப்பத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. வி.எம்.சி.ஏ.எஸ். என்ற பொது விண்ணப்பத்தில் அனுபவத்தை இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் செய்தது ஒரு வகை, மருத்துவர் இல்லாமல் விலங்குகளோடு வேலை செய்தது இன்னொரு வகை. பண்ணை வேலை, மாட்டைப் பழக்கியது, குட்டி ஈனும் காலத்தில் இரவு முறை பார்த்தது எல்லாம் இரண்டாவதில் வரும். நகரத்துப் பிள்ளைக்கு முதல் வகை சுலபமாகக் கிடைத்துவிடும், பக்கத்து நாய் பூனை கிளினிக்கில் போய் நின்றால் போதும். இரண்டாவது வகைதான் தட்டுப்பாடு. பண்ணை விலங்கு மருத்துவர்களுக்குக் கிராமப்புறங்களில் கடும் பற்றாக்குறை இருக்கும் நாட்டில், பசுவோடும் பன்றியோடும் பழகிய கை என்பது கவனிக்கப்படும்.

அண்ணா, மகளிடம் சொல்லுங்கள்: செய்த வேலையைத் தேதி, நேரத்தோடு இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மூன்று வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதுவது பெரும்பாடு.

பால்பண்ணை_பிரியா

நான் விஸ்கான்சினில் டெய்ரி சயின்ஸ் படித்தவள். எங்களுடையது வேறு கிளப், ஆனால் சாராம்சம் ஒன்றுதான். லிட்டில் ராயல் மாதிரி நிகழ்ச்சிகளைப் பற்றி மேலே எழுதிவிட்டார்கள், நான் ஜட்ஜிங், அதாவது கால்நடைகளை மதிப்பிடும் போட்டி பற்றி எழுதுகிறேன். இதைத்தான் உங்கள் மகள் அடுத்து முயற்சி செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இது பெரும்பாலும் கிளப்புக்குப் பக்கத்தில், துறை நடத்தும் தனி அணியாக இருக்கும். ஆனால் ஆட்கள் இங்கேயும் அங்கேயும் அதே ஆட்கள்தான்.

நான்கு மாடுகளை வரிசையாக நிறுத்துவார்கள், இதை ஒரு வகுப்பு என்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் இருக்கும். சில நிமிடங்களில் எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்திச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நிபுணர்கள் ஏற்கெனவே ஒரு வரிசை வைத்திருப்பார்கள். அப்படியே ஒத்துப்போனால் 50 மதிப்பெண். மாறினால் குறையும், ஆனால் எல்லா மாற்றத்துக்கும் ஒரே அளவு குறையாது. இரண்டு மாடுகள் ரொம்ப நெருக்கம் என்றால் மாற்றி வைத்தவருக்கு இரண்டு மதிப்பெண்தான் போகும். வித்தியாசம் வெட்ட வெளிச்சமாக இருந்தும் மாற்றியவருக்கு ஐந்தாறு போய்விடும். அதாவது தவறு செய்தாயா என்று மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு பெரிய தவறு என்று பார்க்கிறார்கள். இதை யோசித்தவர்கள் பெரிய ஆட்கள்.

அடுத்த கட்டம்தான் பிள்ளைகளை நடுங்க வைப்பது. சில வகுப்புகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஓர் அறையில் நடுவர் தனியாக உட்கார்ந்திருப்பார். நீங்கள் எதிரில் நின்று, கையில் காகிதம் இல்லாமல், இரண்டு நிமிடத்துக்குள் முதலாவதை ஏன் இரண்டாவதுக்கு மேலே வைத்தீர்கள், இரண்டாவதை ஏன் மூன்றாவதுக்கு மேலே வைத்தீர்கள் என்று சொல்ல வேண்டும். கீழே வைத்த மாட்டில் இருக்கும் நல்லதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்லா இருந்தது, அழகா இருந்தது என்றெல்லாம் சொன்னால் செல்லாது. மடி எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது, பின்மடி எவ்வளவு அகலம், நடக்கும்போது பின்கால் எப்படி ஊன்றுகிறது என்று கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். கறவை மாட்டுக்கான அமெரிக்க மதிப்பீட்டு அட்டையில் நூற்றுக்கு 40 மடிக்கு மட்டும். அதனால் எங்கள் பயிற்சியின் பெரும்பகுதி மாட்டுக்குப் பின்னால் நின்று மடியைப் பார்ப்பதில்தான் போகும்.

நான் இயல்பிலேயே பேசத் தயங்குகிறவள். வகுப்பில் கேள்வி கேட்கக் கையைத் தூக்க மாட்டேன். இந்தப் பயிற்சியில் ஒரு வருடம் இருந்த பிறகு யார் முன்னால் நின்றும் என் முடிவுக்குக் காரணம் சொல்ல முடிகிறது. இன்று பண்ணைக்காரர்களிடம் போய், இந்தப் பசுவை மந்தையிலிருந்து விலக்குங்கள் என்று சொல்கிற வேலை எனக்கு. அவர்கள் ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிய வேண்டும். நாளைக்கு உங்கள் மகள் மருத்துவரானால் அவளுக்கும் இதே கதைதான்.

கறவை மாட்டுப் பிரிவின் தேசியப் போட்டி மேடிசனில் வேர்ல்டு டெய்ரி எக்ஸ்போவில் நடக்கும். மற்றக் கால்நடைகளுக்கு நவம்பரில் கென்டக்கியின் லூயிவில் நகரத்தில். கன்சாஸ் பக்கம் இறைச்சி மாடுதான் பிரதானம், அதனால் அவளுக்கு இரண்டாவதுதான் வரும். அங்கே எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். நான்கு காளைகளைக் காட்டி, பிறப்பு எடை, பால் மறக்கும்போது எடை, ஒரு வயது எடை இவற்றுக்கான மரபுக் கணிப்பு எண்களையும் கொடுத்து, இவற்றைத் தலையீற்றுக் கிடேரிகளோடு சேர்க்கப் போகிறோம் என்று சூழ்நிலையையும் சொல்லிவிடுவார்கள். அப்போது பார்க்க எவ்வளவு கம்பீரமான காளையாக இருந்தாலும், பெரிய கன்று போடும் என்று எண் சொன்னால் கீழே இறக்கத்தான் வேண்டும். கிடேரி கன்று போட முடியாமல் தவிக்கும்.

காங்கேயம்_காளை

திருப்பூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். பிரியா அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் கண்ணபுரம் மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. அங்கே பெரியவர்கள் காளையைச் சுற்றி வந்து திமில், கொம்பு, குளம்பு, அலைதாடி, வால் என்று பார்ப்பார்கள். சுழியும் பார்ப்பார்கள், சில சுழி இருந்தால் விலையே பேச மாட்டார்கள். கண் பயிற்சி எல்லாம் அசாத்தியம். தூரத்தில் நடந்து வரும்போதே கால் கோளாறைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஏன் என்று சின்னப் பையன் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். பத்து வருடம் கூடவே திரிந்தால் தானாக வரும் என்பார்கள்.

நான் கேட்பது இதுதான். நம் கல்லூரிகளில் இந்த மாதிரிக் காரணம் சொல்லும் போட்டி ஒன்று வைக்க முடியாதா? காங்கேயம், மேச்சேரி ஆடு, சேலம் கருப்பு என்று நம்மிடம் இனங்களா இல்லை?

நாமக்கல்_வெட்

தம்பி, நல்ல கேள்வி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-இல் தொடங்கியது, சென்னைக் கல்லூரியோ 1903-லிருந்து இருக்கிறது. ஆள் பலம், பண்ணை, இனங்கள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. நான் படிக்கும்போது என்.எஸ்.எஸ். முகாம் போனோம், கிராமத்தில் தடுப்பூசி போட்டோம், குடற்புழு மருந்து கொடுத்தோம். அதெல்லாம் அருமையான அனுபவம், அமெரிக்க இளநிலை மாணவனுக்குக் கனவிலும் கிடைக்காது. ஆனால் அங்கே பேராசிரியர் திட்டமிட்டார், நாங்கள் செய்தோம். இங்கே கிளப்பில் பிள்ளைகளே திட்டமிடுகிறார்கள். லிட்டில் ராயல் மாதிரி நிகழ்ச்சியை நடத்தும் இருபது வயதுப் பிள்ளைகள் நடுவரை அழைக்கிறார்கள், மரத்தூள் கொட்டுகிறார்கள், பரிசுக்கு நன்கொடை கேட்டு ஊருக்குள் ஏறி இறங்குகிறார்கள், கணக்கு முடிக்கிறார்கள். ஆலோசகர் ஆசிரியர் ஓரமாக நிற்பார்.

போட்டிக்குப் பெரிய செலவே இல்லை. நான்கு ஆடு, ஒரு திடல், சொல்லக் கேட்க ஒரு பெரியவர். உங்கள் ஊர்ச் சந்தைப் பெரியவர்களையே நடுவராக உட்கார வைக்கலாம். அவர்களும் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

தஞ்சை_மைதிலி

நான் வேறு ஒன்று கேட்கலாமா? எங்கள் வீடு சைவம். என் மகளும் இதே படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். இந்தக் கிளப்புகள் இறைச்சி விற்று நிதி திரட்டுவதாகவும், இறைச்சி ஆய்வகம் உண்டு என்றும் படித்தேன். பன்றியும் மாடும் வெட்டுகிற இடத்தில் அவள் நிற்க வேண்டி வருமா? அவளுக்கு விலங்குகள் மேல் உயிர்.

செம்மறி

மைதிலி ஆன்ட்டி, நான் மூன்றாம் வருடம் படிக்கிறேன், வேறொரு மாநிலம். நானும் சைவம்தான், அதனால் நேராகவே சொல்கிறேன்.

கிளப்பில் யாரும் உங்களை இறைச்சி சாப்பிடச் சொல்ல மாட்டார்கள், வெட்டச் சொல்ல மாட்டார்கள். நிதி திரட்டும் நாளில் நான் பணம் வாங்கும் மேசையில் இருப்பேன். அது பிரச்சினையே ஆனதில்லை. ஆனால் இந்தத் துறை எதற்காக இருக்கிறது என்பதை மறைக்கவும் மாட்டார்கள். கன்சாஸில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம், அவற்றில் பெரும்பகுதி இறைச்சிக்குத்தான். நாம் பெயர் வைத்துக் குளிப்பாட்டிய பன்றிக்குட்டி சில மாதம் கழித்துச் சந்தைக்குப் போகும். எனக்கு அது நடந்தபோது அழுதேன். எனக்குக் கயிறு பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பண்ணைப் பையனும் அழுதான், அவன் சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அழுகிறவன். விலங்குமேல் பிரியம் இல்லாதவர்கள்தான் இதைச் செய்வார்கள் என்று நினைத்திருந்த எனக்கு அவனைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

இறைச்சி பற்றிய பாடம் துறைக்குத் துறை மாறும். சில பல்கலைக்கழகங்களில் கட்டாயம், சிலவற்றில் விருப்பம். சேரும் முன்பே ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். கறவை மாடு, குதிரை, கம்பளி ஆடு என்று சாய்ந்துகொள்ளவும் இடம் உண்டு. நான் ஆட்டுப் பக்கம் போனேன். உங்கள் மகளால் இதை ஏற்க முடியாது என்று தோன்றினால் அதுவும் நியாயமான முடிவுதான், உயிரியல் படித்தும் கால்நடை மருத்துவத்துக்குப் போகலாம்.

அப்புறம் கன்சாஸ் அங்கிள், பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். கிடேரி ஐந்நூறு கிலோவைத் தொடலாம். பலத்தால் யாரும் அதை நடத்த முடியாது. கிளப்பில் முதலில் சொல்லித்தருவதே எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான். மாட்டைச் சுற்றி ஓர் எல்லை இருக்கிறது, அதற்குள் நாம் கால் வைத்தால் அது நகரும், வெளியே வந்தால் நிற்கும். தோள்பட்டைதான் சமநிலைப் புள்ளி. அதற்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், முன்னால் நின்றால் பின்வாங்கும். நேர் பின்னால் நிற்கவே கூடாது, அங்கே அதற்குக் கண் தெரியாது. கத்தவும் கூடாது, குச்சியால் குத்தவும் கூடாது. கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெம்பிள் கிராண்டின் என்ற பேராசிரியை மாட்டின் கண்ணால் உலகத்தைப் பார்த்துத் தொழுவங்களையும் நடைபாதைகளையும் வடிவமைத்தவர். அவர் ஆட்டிசம் உள்ளவர். கையாளும் முறைகளை நாங்கள் படிக்கும்போது அவர் பெயர் வராத வாரமே இல்லை. மாட்டிறைச்சித் துறை நடத்தும் பி.க்யூ.ஏ. என்ற பயிற்சிச் சான்றிதழை இணையத்திலேயே வாங்கலாம். உங்கள் மகள் இன்னும் வாங்கியிருக்காவிட்டால் வாங்கச் சொல்லுங்கள்.

நோய் பற்றியும் ஒரு வார்த்தை. இளங்கன்றுகளிடமிருந்து கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி தொற்றி, கடும் வயிற்றுப்போக்கில் படுக்கும் மாணவர்கள் உண்டு. படர்தாமரையும் மாட்டிடமிருந்து வரும். தொழுவத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கைச்சுத்திகரிப்புத் திரவத்தை நம்பக் கூடாது, அந்தக் கிருமி அதற்குச் சாகாது. தொழுவச் செருப்பும் உடையும் அறைக்குள் வரவே கூடாது. 2024-இல் பறவைக் காய்ச்சல் கிருமி கறவை மாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து எல்லா இடத்திலும் கெடுபிடி கூடியிருக்கிறது. சில மாநிலங்களில் கறக்கும் பசுவைச் சோதனை செய்யாமல் கண்காட்சிக்குள் விடவில்லை. இதையெல்லாம் நேரில் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு உயிரிப் பாதுகாப்பு என்ற பாடம் தனியாக வேண்டியதில்லை.

கோவை_கார்த்தி

எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்கள் இந்தக் கிளப்பில் சேரலாமா? இந்த வருடம் எனக்கு இளநிலை சேர்க்கை கிடைத்திருக்கிறது.

நாமக்கல்_வெட்

சேரலாம் தம்பி, கிளப் உறுப்பினராக விசா ஒரு தடையே இல்லை, பொறுப்புக்கும் நிற்கலாம். சம்பளத்துக்கு வேலை என்றால்தான் விதி. செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. பல்கலைக்கழகப் பண்ணைப் பிரிவுகள் மாணவர்களை வேலைக்கு எடுக்கும். கிளப்பில் இருந்தால் எந்தப் பிரிவில் எப்போது ஆள் தேவை என்பது முதலில் காதில் விழும். கோடையில் வெளி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் என்றால் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதை வாங்காமல் ஒருநாளும் வேலையில் கால் வைக்காதே. இன்டர்ன்ஷிப் தேடவும் கிளப் உதவும். தீவன நிறுவனம், இனவிருத்தி நிறுவனம், பன்றிப் பண்ணை நிறுவனம் என்று ஆட்கள் மாலைக் கூட்டங்களுக்கு வந்து பேசுவார்கள். வந்தவரிடம் போய்க் கை கொடுத்து இரண்டு நல்ல கேள்வி கேள்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். செம்மறி எழுதியது மனதைத் தொட்டது. ஆனாலும் என் கவலை அப்படியே இருக்கிறது. கிளப், ஜட்ஜிங் அணி, பண்ணை வேலை, லிட்டில் ராயல் என்று நான்கையும் ஒரே பிள்ளை செய்தால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை யார் படிப்பது? ஜட்ஜிங் அணிக்கு வார இறுதி முழுக்க வேனில் பயணம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பால்பண்ணை_பிரியா

உண்மைதான் ஐயா, மறைக்க மாட்டேன். போட்டிக் காலத்தில் வார இறுதி போய்விடும். வேனில் உட்கார்ந்து வேதியியல் படித்தவர்கள் எங்கள் அணியில் இருந்தார்கள், அணியை விட்டு விலகியவர்களும் இருந்தார்கள். தேசியப் போட்டியில் ஒருவருக்கு ஒரு வருடம்தான் வாய்ப்பு, அதனால் பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது வருடத்தில்தான் அந்தச் சுமை வரும். முதலாண்டுப் பிள்ளைக்கு லிட்டில் ராயல் மட்டும் போதும். அது சில வாரங்களில் முடிந்துவிடும்.

நேரம் குறைவான பிள்ளைகளுக்கு வேறு நல்ல வழிகளும் இருக்கின்றன. அகாடமிக் குவாட்ராத்லான் என்று அமெரிக்க அனிமல் சயின்ஸ் சங்கம் நடத்துவது. நால்வர் கொண்ட அணி, செய்முறை, எழுத்துத் தேர்வு, மேடைப் பேச்சு, வினாடி வினா என்று நான்கு சுற்று. இதற்குப் படிப்பதும் பாடத்துக்குப் படிப்பதும் ஒன்றுதான், உங்கள் கவலைக்கு நேரான பதில் இது. இன்னொன்று 2002-இல் தொடங்கிய டெய்ரி சேலஞ்ச். நிஜமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பால்பண்ணையின் கணக்கு, கறவைப் பதிவு, இனவிருத்திப் பதிவு எல்லாவற்றையும் கொடுத்து, பண்ணையைச் சுற்றிப் பார்க்க வைத்து, உரிமையாளரிடம் கேள்வி கேட்க வைப்பார்கள். அப்புறம் 20 நிமிடம் நடுவர்கள் முன் பேச வேண்டும், 10 நிமிடம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் படிப்புக் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த அனுபவம் அதுதான். ஒரு குடும்பத்தின் பிழைப்பு உங்கள் ஆலோசனையில் தொங்குகிறது என்ற உணர்வு எந்தப் பரீட்சையிலும் வராது.

கணக்குப்பிள்ளை

வினாடி வினா விஷயம் எனக்குப் புதிது. அண்ணன் மகனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. சரி, முதலாண்டில் ஒன்று மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். பொறுப்பு எதுவும் எடுக்க வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாற மாட்டேன்.

கன்சாஸ்_அப்பா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று மகளிடம் பேசினேன். பி.க்யூ.ஏ. சான்றிதழ் ஏற்கெனவே வாங்கிவிட்டாளாம். நேரக் கணக்கு நோட்டு மட்டும் இல்லை, இன்றே தொடங்குகிறேன் என்றாள். குவாட்ராத்லான் பற்றிக் கேட்டேன், போஸ்டர் பார்த்தேன் அப்பா, சீனியர்களுக்குத்தான் என்று நினைத்தேன் என்றாள்.

ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு. அடுத்த வருடத்துக்கு நிர்வாகிகள் தேர்தல் வருகிறது, இவளை ஏதாவது பொறுப்புக்கு நிற்கச் சொல்கிறார்கள். எனக்குத் தலைவர், செயலாளர் மாதிரி ஏதாவது விண்ணப்பத்தில் இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. அவள் தொழுவ ஏற்பாடுகளைப் பார்க்கும் குழுவில்தான் இருப்பேன் என்கிறாள்.

நாமக்கல்_வெட்

அவள் வழியில் விடுங்கள் அண்ணா. சேர்க்கைக் குழுவினர் ஆயிரக்கணக்கான தலைவர்களையும் செயலாளர்களையும் பார்த்திருப்பார்கள். நேர்காணலில் என்ன செய்தாய் என்று கேட்கும்போது, குலுக்கலில் வந்த எல்லா விலங்கும் யாரிடம் இருக்கிறது, எது சாப்பிடவில்லை, எதற்குக் கால் வீங்கியது என்று நான்தான் பார்த்தேன் என்று சொல்லும் பிள்ளையை அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கள் பண்ணையில் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் மாணவர்களில் யாருக்கு மனதாரக் கொடுப்போம் தெரியுமா? பனி கொட்டும் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் உடைக்க வந்தவனுக்கு.

செம்மறி

அங்கிள், போட்டிக்கு நேரில் போவீர்கள் இல்லையா? பொதுமக்களை அனுமதிப்பார்கள், பல்கலைக்கழகத் திறந்த நாளை ஒட்டித்தான் நடக்கும். தேதியை மகளிடம் கேட்டு இப்போதே விடுப்பு எழுதிவிடுங்கள்.

கன்சாஸ்_அப்பா

போகிறோம், மனைவியும் வருகிறாள். என்ன உடுத்தி வருவது, எங்கே உட்காருவது, கிடேரியைத் தொடலாமா என்று அவளுக்கு ஆயிரம் சந்தேகம்.

பால்பண்ணை_பிரியா

மூடிய ஷூ போட்டு வாருங்கள், அது வேறு எந்தப் பண்ணைக்கும் போகாத ஷூவாக இருக்கட்டும். மகள் திடலுக்குள் இருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், கைதட்டலையும் நடுவர் பேசி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கிடேரியை முடிந்த பிறகு அவள் அனுமதித்தால் தோள் பக்கம் தடவுங்கள், மூஞ்சியில் கை வைக்க வேண்டாம். பிறகு வளாகத்தில் கால் ஹால் (Call Hall) என்ற கட்டிடத்தில் பல்கலைக்கழகத்தின் சொந்த ஐஸ்கிரீம் கிடைக்கும், கை கழுவிவிட்டுப் போங்கள்.